குறுக்கு நிமிர்த்த ஐந்து நிமிடம்

பிள்ளைப்பாக்கம் முதல் ஒரகடம் வரை, நாள் முழுக்க நிற்கும் முதுகுகளுக்கு மூச்சோடு கூடிய மென்யோகா

காலை ஷிப்ட் முடிந்து, ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கம் சிப்காட் தொழிற்பேட்டையின் உள்சாலைகளில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டும் நேரத்தில், கேட்டைத் தாண்டி வருகிறவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பலருடைய கையும் தானாகவே இடுப்புக்குப் போகிறது. கட்டைவிரலால் முதுகின் இரு பக்கத்தையும் அழுத்திவிட்டுக்கொள்கிறார்கள். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துச் சொடக்கு எடுக்கிறார்கள். பஸ் வரும்வரை நிற்க முடியாமல் நடைபாதைக் கல்லில் குந்திவிடுகிறார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு வயது முப்பதைத் தாண்டவில்லை.

‘குறுக்கு புடிச்சிக்கிச்சு’ என்பது நம் வீடுகளில் ஐம்பது தாண்டியவர்கள் சொல்லிக் கேட்ட வார்த்தை. இந்தப் பகுதியில் அதை ஐ.டி.ஐ. முடித்த கையோடு வேலைக்கு வந்த பையன் சொல்கிறான், டிப்ளமோ முடித்த பெண் சொல்கிறாள். தைலம் தேய்ப்பது, மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்குவது, இடுப்புக்கு பெல்ட் கட்டிக்கொள்வது, அடுத்த நாள் மறுபடி லைனில் போய் நிற்பது என்று நாள்கள் ஓடுகின்றன.

இந்த வலிக்கு ஒரு நல்ல வழி நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர் தொலைவில், சென்னை மந்தைவெளியில் அரை நூற்றாண்டாகச் சொல்லிக் கொடுக்கப்படும் மென்மையான யோகா அது. முதுகுத்தண்டை மூச்சின் துணையோடு மெல்ல அசைத்து, அதைச் சுற்றிய இறுக்கத்தை விடுவிக்கும் முறை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் அதைச் சோதித்துப் பார்த்து, மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். பிள்ளைப்பாக்கத்தில் நிற்கிற முதுகுகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. வந்து சேர வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

நின்றே சம்பாதிக்கும் ஊர்

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான் ஆலை திறந்தது. வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டும் யமஹாவும் வந்தன. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங்கும் ஃபாக்ஸ்கானும். பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனத்தின் சூரியத் தகடு ஆலை திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் விடுதியை சிப்காட் வல்லம் வடகாலில் கட்டித் திறந்தது. ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள் ஒரு தலைமுறைக்குள் மூன்று ஷிப்ட் ஊர்களாகிவிட்டன.

இந்த வேலைகளில் முதுகு என்ன பாடு படுகிறது? எலெக்ட்ரானிக்ஸ் லைனை எடுத்துக்கொள்வோம். தொப்பி, மாஸ்க், கோட் போட்டுக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். தலை குனிந்திருக்கிறது. இரண்டு முழங்கையும் உடம்பை ஒட்டாமல் அந்தரத்தில் நிற்கின்றன. விரல் நுனியில் ஒரு சின்ன பாகம். அதைப் பொருத்தி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். அவள் எதையும் தூக்கவில்லை, இழுக்கவில்லை. பார்க்கிறவர்களுக்குச் சுலபமான வேலையாகத்தான் தெரியும். ஆனால், குனிந்த தலையைத் தாங்கிப் பிடிக்கும் பிடரித் தசைகளும், அந்தரத்தில் நிற்கும் கைகளைத் தாங்கும் தோள்பட்டைத் தசைகளும் மணிக்கணக்கில் ஒரே இறுக்கத்தில் நிற்கின்றன. இறுகிய தசைக்குள் ரத்த ஓட்டம் குறைகிறது. அசையும் தசை களைத்தாலும் சீக்கிரம் தேறிவிடும். அசையாமல் இறுகி நிற்கும் தசைக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை.

கார் ஆலையில் கதை வேறு. கதவுச் சட்டத்துக்குள் தலையை நுழைத்து, இடுப்பைப் பக்கவாட்டில் திருகி, குனிந்தபடி போல்ட் முடுக்கவேண்டும். குனிவதும் திருகுவதும் ஒன்றாகச் சேரும்போதுதான் இடுப்பு முதுகுக்கு அதிகச் சிரமம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்கு வண்டியின் அதிர்வு நேராக முதுகுத்தண்டில் ஏறுகிறது. செக்யூரிட்டிக்கும் ஹவுஸ்கீப்பிங் பெண்களுக்கும் எட்டு மணி நேர நிற்றல். கம்பெனி பஸ் டிரைவருக்கு உட்கார்ந்தே தேய்மானம். வேலை முடிந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கிப் போய், ஹாஸ்டலிலோ வாடகை அறையிலோ படுத்தால், சி ஷிப்ட் எனும் இரவு ஷிப்ட்காரருக்குப் பகலில் தூக்கமும் சரியாக வராது. தூக்கம் கெட்டால் அதே வலி இன்னும் அதிகமாகத் தெரியும்.

இறுக்கம் எங்கே உட்கார்கிறது

முதுகுத்தண்டில் 33 முள்ளெலும்புகள். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. கீழே உள்ள ஒன்பதும் ஒன்றோடொன்று சேர்ந்துபோனவை. எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல 23 டிஸ்க்குகள் இருக்கின்றன. வளர்ந்த மனிதரின் டிஸ்க்குக்குள் நேரடி ரத்தக் குழாய் ஓட்டம் கிடையாது என்று சொல்லிவிடலாம். ஸ்பாஞ்சை அழுத்தி விட்டால் தண்ணீர் வெளியேறி மறுபடி உள்ளே ஏறுவதுபோல, அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வரும்போதுதான் அதற்குள் நீரும் சத்தும் போய் வருகின்றன. காலையில் எழும்போது நாம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக இருப்பதும், மாலையில் அது குறைவதும் இதனால்தான். முதுகுத்தண்டுக்கு உணவே அசைவுதான். எட்டு மணி நேரம் ஒரே நிலையில் நிற்பவருக்கு அந்த உணவு மறுக்கப்படுகிறது.

ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன், 1960-களில் உயிருள்ள மனிதர்களின் இடுப்பு டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். படுத்திருக்கும்போது அழுத்தம் மிகக் குறைவு, நிற்கும்போது அதிகம், முதுகு சாயாமல் கூன் போட்டு உட்காரும்போது அதைவிடவும் அதிகம், குனிந்து எடை தூக்கும்போது இன்னும் அதிகம் என்பது அவர் கண்டது. பின்னால் வந்த ஆய்வுகள் அவர் சொன்ன சில அளவுகளைத் திருத்தின. ஆனாலும், முதுகு வலிக்காரருக்கான பயிற்சியைப் படுத்த நிலையிலிருந்து தொடங்குவது நல்லது என்ற பாடம் நிற்கிறது.

இன்னொரு விஷயத்தையும் தெரிந்துகொள்வது மனதுக்குத் தெம்பு தரும். முதுகு வலி என்று போனால் ஸ்கேன் எடுத்து, ‘டிஸ்க் பிதுங்கியிருக்கு’ என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பார்கள். அந்த வரியோடு இளைஞர்கள் இடிந்து போகிறார்கள். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளிவந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. எண்பது வயதில் அது 84 சதவீதம். அதாவது, பிதுக்கம் உள்ளவர்கள் எல்லோருக்கும் வலி இருப்பதில்லை. இடுப்பு வலிகளில் சுமார் 90 சதவீதத்துக்கு இன்ன எலும்பு, இன்ன டிஸ்க் என்று சுட்டிக்காட்டும்படியான காரணம் கிடைப்பதில்லை என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அந்த அமைப்பின் கணக்குப்படி 2020-ல் உலகம் முழுக்க 61.9 கோடிப் பேர் இடுப்பு வலியோடு இருந்தார்கள். இறுக்கமும் அசைவின்மையும் பயமும் வலியை வளர்க்கக் கூடியவை. மூன்றையும் குறைக்க வழி உண்டு.

மந்தைவெளியில் வளர்ந்த வைத்தியம்

திருமலை கிருஷ்ணமாசாரியார் 1888 நவம்பர் 18-ல் இன்றைய கர்நாடகத்தின் சித்திரதுர்கா பகுதியில் பிறந்தவர். 1930-களில் மைசூர் மகாராஜாவின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி என்று யோகாவை உலகம் முழுக்கக் கொண்டுபோன மூவரும் அவரிடம் கற்றவர்கள். அங்கே அவர் சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது வேகமும் வலுவும் கொண்ட யோகா. உடம்பை வில்லாக வளைத்துக் காட்டும் அந்தக் காலப் படங்கள் இன்றும் பரவலாகக் கிடைக்கின்றன.

1950-களில் சென்னைக்குக் குடிவந்தபோது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. இங்கே அவரைத் தேடி வந்தவர்கள் பக்கவாதக்காரர்கள், ஆஸ்துமாக்காரர்கள், முதுகு வலிக்காரர்கள், தூக்கம் வராதவர்கள். இவர்களை வில்லாக வளைக்க முடியாது. ஒவ்வொருவரின் நாடி, மூச்சு, வயது, தொழில் எல்லாவற்றையும் பார்த்து அவரவருக்கு ஏற்ற பயிற்சியைத் தனித்தனியாக வகுத்தார். நோயாளி எந்த நிலையில் வந்தாரோ அங்கிருந்துதான் பாடம் தொடங்கியது. 96 வயதில் அவருக்கே இடுப்பெலும்பு முறிந்தபோது, படுக்கையில் கிடந்தபடி செய்யும் பயிற்சிகளைத் தனக்குத்தானே வகுத்துக்கொண்டார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1989 பிப்ரவரி 28-ல் நூறு வயதில் காலமானார்.

அவருடைய மகன் டி.கே.வி. தேசிகாச்சார் பொறியியல் படித்தவர். படித்த தொழிலை விட்டுவிட்டு அப்பாவிடம் மாணவராக உட்கார்ந்தவர், இன்று மந்தைவெளியில் இயங்கும் கிருஷ்ணமாசார்ய யோக மந்திரத்தை 1976-ல் சென்னையில் நிறுவினார். ‘யோகாவுக்கு ஏற்ப ஆளை மாற்றாதே, ஆளுக்கு ஏற்ப யோகாவை மாற்று’ என்பதுதான் அந்தப் பள்ளியின் அடிப்படை. தேசிகாச்சார் பிறந்தது 1938 ஜூன் 21. பிற்காலத்தில் ஐ.நா. சபை உலக யோகா தினமாக அறிவித்த அதே தேதி. 2016-ல் அவர் மறைந்தார். மந்திரத்தில் இன்றும் சிகிச்சைக்குப் போகிறவருக்கு ஆசிரியர் ஒருவர் எதிரே உட்கார்ந்து, விசாரித்து, அவருக்கென்றே பயிற்சி வரைந்து கொடுக்கிறார்.

ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கு இந்த மரபு அந்நியமானதும் இல்லை. ராமானுஜர் 1017-ல் பிறந்த ஊர் என்று வைணவ மரபு கொண்டாடும் தலம் இது. அவருடைய குருபரம்பரையில் முன்னே நிற்கும் ஆசாரியர் காட்டுமன்னார்கோவில் நாதமுனிகள். கிருஷ்ணமாசாரியாரின் குடும்பம் நாதமுனிகளின் வழிவந்தது என்பது அவர்கள் குடும்ப மரபு. தாம் சொல்லிக் கொடுத்த ‘யோக ரகசியம்’ நூலையும் அவர் நாதமுனிகளுடையது என்றே வழங்கினார்.

மூச்சு முன்னே, உடம்பு பின்னே

இந்த முறையில் நான்கு விதிகள் முக்கியம். முதலாவது, மூச்சு முதலில் தொடங்கும், அசைவு அதைப் பின்தொடரும். அசைவு முடிந்த பிறகே மூச்சு முடியும். இரண்டாவது, ஒரு நிலைக்குள் பல தடவை போய் வந்த பிறகே அதில் நிலைத்து நிற்கலாம். மூன்றாவது, எந்த ஆசனத்துக்கும் அதன் களைப்பைத் தீர்க்கும் மாற்று ஆசனம் ஒன்று உண்டு, அதைச் செய்யாமல் எழுந்திருக்கக் கூடாது. நான்காவது, ஆசனத்தின் தோற்றத்தைவிட அது முதுகுக்குச் செய்யும் வேலையே பெரிது. குனியும்போது முழங்கால் மடங்கினால் மடங்கட்டும், முதுகு தளர்ந்தால் போதும்.

சக்கரவாகாசனம் ஒன்றை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். பாய் விரித்து, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நில்லுங்கள். உள்ளங்கை தோளுக்கு நேர் கீழே, முழங்கால் இடுப்புக்கு நேர் கீழே. மூச்சை வெளியே விடத் தொடங்குங்கள். அடிவயிறு மெல்ல உள்ளே ஒடுங்குவதை முதலில் உணர்வீர்கள். அந்த ஒடுக்கம் இடுப்பு முதுகைக் கொஞ்சம் மேலே தள்ளும். இப்போது புட்டம் குதிகாலை நோக்கிப் பின்னால் போகட்டும். மார்பு தொடையை நோக்கி இறங்கும், நெற்றி பாய்க்கு அருகே வரும், கைகள் முன்னால் நீண்டபடியே இருக்கும். இடுப்பில் இறுகிக் கிடந்த பட்டை ஒன்று மெல்ல நீள்வது தெரியும். வலி வருமுன் நிறுத்திவிடலாம், குதிகாலைத் தொட்டே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. மூச்சு தீர்ந்ததும் ஒரு நொடி அப்படியே இருங்கள். பிறகு மூச்சு உள்ளே வரத் தொடங்கும்போது, மார்பை முன்னே நகர்த்திக்கொண்டு பழைய நிலைக்கு வாருங்கள். இடுப்பைக் குழித்து எழும்பாமல், மார்பு விரிந்து எழும்ப வேண்டும். மேல்முதுகில், இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே ஒரு திறப்பு கிடைக்கும். லைனில் குனிந்து நின்றவளுக்கு மூடிக் கிடந்த இடம் அதுதான். இப்படி ஆறு தடவை. முதல் தடவைக்கும் ஆறாவது தடவைக்கும் முதுகு வேறு வேறாக இருப்பதைச் செய்கிறவர் தாமே அறியலாம்.

மூச்சுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? நம் மூச்சை நடத்தும் உதரவிதானத்தின் தசைக் கால்கள், இடுப்புப் பகுதியின் மேல் முள்ளெலும்புகளில்தான் ஊன்றியிருக்கின்றன. ஆழமாக விடும் ஒவ்வொரு மூச்சும் உள்ளிருந்தே முதுகுத்தண்டைத் தொடுகிறது. மூச்சை நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது, உடம்பு முழுவதும் காவலைத் தளர்த்துகிறது. வலி வந்த முதுகு தன்னைக் காத்துக்கொள்ளத்தான் இறுகுகிறது. ஆபத்து இல்லை என்று அதற்குத் தெரிய வேண்டும், பிடித்து இழுத்தால் அது இன்னும் இறுகும். ‘நல்லா வளைச்சு, நல்லா அழுத்தி’ என்று வகுப்புகளில் கேட்கும் குரல் முதுகு வலிக்காரருக்குப் பகை.

பாயில் பன்னிரண்டு நிமிடம்

ஷிப்ட் முடிந்து குளித்த பிறகு, வயிறு காலியாக இருக்கும்போது செய்யலாம். ஒவ்வொன்றும் ஆறு தடவை. எல்லாமே மூக்கு வழி மூச்சு.

1. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்துப் பாதங்களை ஊன்றுங்கள். ஒரு கை வயிற்றில். இரண்டு நிமிடம் மூச்சை மட்டும் கவனியுங்கள். வெளியே விடும் மூச்சு, உள்ளே இழுப்பதைவிடக் கொஞ்சம் நீளட்டும்.

2. அபானாசனம். முழங்கால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கை. மூச்சை விடும்போது இரண்டையும் வயிற்றை நோக்கி மெல்ல இழுங்கள், மூச்சை இழுக்கும்போது கை நீளும் தூரத்துக்குப் போகவிடுங்கள்.

3. துவிபாத பீடம். பாதங்களை ஊன்றியபடியே மூச்சை இழுத்துக்கொண்டு இடுப்பை உயர்த்துங்கள். மூச்சை விடும்போது மேல்முதுகிலிருந்து ஒவ்வொரு எலும்பாகத் தரையில் இறக்குங்கள். வலி இல்லாத உயரம் போதும்.

4. மேலே சொன்ன சக்கரவாகாசனம்.

5. மறுபடி மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்து, மூச்சை விடும்போது இரண்டையும் ஒரு பக்கம் சாய்த்து, இழுக்கும்போது நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பக்கம் மாற்றி மாற்றி. தோள்கள் தரையைவிட்டு எழ வேண்டாம். கால் வழியே வலி இறங்குமானால் இதை விட்டுவிடுங்கள்.

6. மறுபடி அபானாசனம். பிறகு முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்து மூன்று நிமிடம் சவாசனம்.

பாய் விரிக்க இடமில்லாத லைன் பக்கத்தில் ஒரு நாற்காலியே போதும். நுனியில் உட்கார்ந்து, மூச்சை இழுத்துக் கைகளை உயர்த்தி, மூச்சை விட்டபடி தொடைமேல் மெல்லக் கவிழ்ந்து, மறுபடி நிமிர்வதை ஆறு தடவை செய்யலாம். தோள்களைப் பின்பக்கமாகச் சுழற்றலாம். தலையை உருட்டிச் சுற்றாமல், இட வலமாக மெல்லத் திருப்பலாம். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

ஆய்வுகள் சொல்வது

தேசிகாச்சாரின் மாணவர்கள் வழியே அமெரிக்கா போன இந்த முறை அங்கே ‘வினியோகா’ என்ற பெயரில் அறியப்படுகிறது. சியாட்டிலில் நடத்தி 2005-ல் வெளியிட்ட ஆய்வில், நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 101 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 12 வாரம் வினியோகா, இன்னொரு குழுவுக்கு உடற்பயிற்சி, மூன்றாவது குழுவுக்குத் தானே படித்துச் செய்துகொள்ள ஒரு புத்தகம். பன்னிரண்டு வாரம் கழித்து, அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் யோகா குழு மற்ற இரண்டையும்விட முன்னே இருந்தது.

அதே ஆராய்ச்சியாளர்கள் 228 பேரை வைத்து மறுபடி பார்த்து, 2011-ல் வெளியிட்டார்கள். இந்த முறை ஒப்பிட எடுத்துக்கொண்டது, நன்றாக வகுக்கப்பட்ட நீட்டல் பயிற்சி. யோகாவும் நீட்டலும் ஏறக்குறைய சமமாக வந்தன, இரண்டும் புத்தகத்தை வென்றன. பாஸ்டனில் 320 பேரை வைத்து நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், பிசியோதெரபிக்கு யோகா சளைத்ததில்லை என்று தெரிந்தது. நம் நாட்டில் பெங்களூரு அருகே எஸ்-வியாசா நிறுவனம் 80 பேரை ஒரு வாரம் தங்கவைத்துச் செய்த ஆய்வும் 2008-ல் நல்ல பலனையே காட்டியது.

இவற்றிலிருந்து தொழிலாளி எடுத்துக்கொள்ள வேண்டியது தெளிவு. யோகா அற்புதம் செய்வதில்லை, ஆனால் நம்பகமான துணை. மெதுவாக, ஒழுங்காக, வாரக்கணக்கில் செய்யும் அசைவே பலன் தருகிறது. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த பயிற்சியை ஒழுங்காகச் செய்பவர் அதை விட்டுவிட்டு யோகாவுக்கு ஓட வேண்டியதில்லை. உலக சுகாதார அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்ட நாள்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டுதல், பயிற்சியையும் வலியைப் பற்றிய சரியான அறிவையும் பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட்டையும், இழுத்துக் கட்டும் டிராக்‌ஷனையும், ஓபியாய்டு வலி மாத்திரைகளையும் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. மெடிக்கலில் பெல்ட் வாங்கக் காசு எடுப்பவர்கள் இதை ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

சில வலிகளுக்கு யோகா கூடவே கூடாது. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு தவறினால், தொடை இடுக்கு மரத்துப்போனால், பாதத்தைத் தூக்க முடியாமல் கால் பலம் குன்றினால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, கீழே விழுந்த பிறகு வந்த வலி, காரணமில்லாமல் எடை குறைவதோடு சேர்ந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் வலி ஆகியவற்றையும் மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும். கர்ப்பிணிகள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், படித்தவரிடம் நேரில் கேட்டுச் செய்ய வேண்டும். அப்படிக் கேட்க அரசிடமே இடம் உண்டு. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் தங்கள் மருந்தக மருத்துவரிடம் பிசியோதெரபி பற்றிக் கேட்கலாம்.

நாற்காலியும் வேண்டும், நேரமும் வேண்டும்

யோகா பேசுகிற இடத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. வேலை செய்யும் விதம் உடம்பை நோகடிக்கிறது என்றால், அந்த விதத்தைத் திருத்துவது நிர்வாகத்தின் கடமை. ‘யோகா பண்ணு, சரியாயிடும்’ என்று சொல்லி அந்தக் கடமையைத் தொழிலாளியின் பாயில் சுருட்டி வைத்துவிடக் கூடாது. மேசை ஆளின் உயரத்துக்கு இல்லையென்றால் மேசையை மாற்ற வேண்டும். ஒரே ஸ்டேஷனில் ஒருவரையே நாள் முழுக்க நிறுத்தாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றிவிட வேண்டும்.

இது சலுகை கேட்பதல்ல. நின்று வேலை செய்வோருக்கு, வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஏற்ற இருக்கை தரவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44-ஆம் பிரிவிலேயே எழுதிவைத்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி நேரமாவது ஓய்வு தரவேண்டும் என்றது 55-ஆம் பிரிவு. கடைகளில் நின்று வேலை செய்வோர் உட்காரும் உரிமைக்காகத் தமிழ்நாடு சட்டமன்றம் 2021-ல் தனித் திருத்தமே கொண்டுவந்தது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். எட்டு மணி நேரத்துக்கே தாங்காத முதுகுகளை நேரில் பார்த்தவர்களுக்கு அந்தக் கோபத்தின் நியாயம் புரியும்.

இருக்கையும் ஓய்வும் உறுதியான பிறகு, யோகாவுக்கு உரிய இடம் ஷிப்டுக்கு உள்ளேயே இருக்கிறது. ஜப்பானில் 1928 நவம்பரில் வானொலி வழியே ஒரு குழு உடற்பயிற்சி தொடங்கியது. வானொலியில் பியானோ ஒலிக்க, சில நிமிடங்கள் எல்லோரும் சேர்ந்து கை கால் அசைப்பார்கள். இன்றும் அங்கே பல ஆலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் காலை வேலை அப்படித்தான் தொடங்குகிறது.  நம் ஆயுஷ் அமைச்சகமும் வேலையிடத்துக்கென்றே வகுத்த ஐந்து நிமிட யோகா இடைவேளையை 2021 செப்டம்பரில் ‘ஒய்-பிரேக்’ என்ற செயலியாக வெளியிட்டது. பயிற்சி கையில் இருக்கிறது, அதற்கான ஐந்து நிமிடம்தான் லைனில் இல்லை.

அந்த ஐந்து நிமிடம் வேலை நேரக் கணக்கில் வர வேண்டும். டீ இடைவேளையில் வெட்டிக் கொடுத்தால் யாரும் செய்ய மாட்டார்கள், செய்யவும் கூடாது. கான்ட்ராக்ட், ட்ரெய்னி, பெர்மனென்ட் என்ற பேதம் இல்லாமல் எல்லோருக்கும் சேர்த்து லைன் நிற்க வேண்டும். சொல்லிக் கொடுப்பவர் தமிழிலும் இந்தியிலும் பேசத் தெரிந்தவராக இருந்தால், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நிற்கும் முதுகுகளும் நிமிரும். வல்லம் வடகால் விடுதி போன்ற இடங்களில் மாலையில் ஒரு அறை, சில பாய்கள், வாரம் இரண்டு நாள் வந்து போகும் யோகா மருத்துவர் ஒருவர் இருந்தால் எவ்வளவோ பெண்களுக்கு மாத்திரைச் செலவு மிஞ்சும். யோகா, இயற்கை மருத்துவப் பட்டதாரிகள் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் படித்து வெளியே வருகிறார்கள். அவர்களுக்கு வேலையும், இவர்களுக்கு வைத்தியமும் ஒரே ஏற்பாட்டில் கிடைக்கும்.

நிர்வாகங்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு மெஷினுக்கு எண்ணெய் போட, பெல்ட் மாற்ற, பராமரிப்பு அட்டவணை போட்டு லைனை நிறுத்துகிறீர்கள். அந்த மெஷினின் முன்னால் நிற்பவருக்கும் அதே அட்டவணையில் ஐந்து நிமிடம் எழுதுங்கள். ஜூன் 21 அன்று மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுப் படம் எடுத்துக்கொள்வதில் எந்த முதுகும் நிமிர்வதில்லை.

தொழிலாளிக்கும் ஒரு வார்த்தை. உங்கள் முதுகு இன்னும் முப்பது ஆண்டுகள் உங்களைச் சுமக்க வேண்டும். கம்பெனி நாளைக்கே மாறிவிடாது, அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். நாற்காலி கேளுங்கள், ஓய்வு கேளுங்கள், ஸ்டேஷன் மாற்றிக் கேளுங்கள், சங்கத்தில் பேசுங்கள். அதோடு, இன்றிரவு படுப்பதற்கு முன் பாயில் மல்லாந்து, முழங்கால்களை மடித்து, இரண்டு நிமிடம் மூச்சை மட்டும் நீளமாக விட்டுப் பாருங்கள். நாளைக்கு அபானாசனம் ஆறு தடவை. ஒரு வாரம் கழித்து சக்கரவாகாசனம். பன்னிரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள், சியாட்டிலில் பலன் கண்டவர்கள் பயிற்சி செய்ததும் பன்னிரண்டு வாரம்தான்.